கரம்பொன் கடலில் ஒரு பன்றிக்குட்டியும் நானும்

எனக்கு ஒன்பது வரை எண்ணத் தெரியாது. இதை நான் கண்டுபிடித்தது இருபத்தாறாவது வயதில், கால்நடைப் போதனாசிரியர் என்று நியமனக் கடிதம் கிடைத்து ஐந்தாவது கிழமையில். அதற்கு முதல் உயர்தரத்தில் உயிரியல் படித்து, இரண்டு வருட டிப்ளோமாவும் முடித்து, நேர்முகப் பரீட்சையில் மூன்று பெரிய மனிதர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவராவது "எங்க பிள்ளை, ஒண்டிலயிருந்து ஒன்பது மட்டும் எண்ணும் பாப்பம்" என்று கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.)

கணக்கு வராது என்பதல்ல குறை. நாலு, ஐந்து மட்டும் ஒழுங்காகப் போவேன். அதற்குப் பிறகு எங்கேயாவது ஒரு வெளிச்சம் விழுந்திருக்கும், ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும், நான் அங்கே போய்விடுவேன். கண் திறந்திருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் இருக்காது. "உவள் நிக்கிறாள், ஆனா இல்லை" என்பார் அம்மா.

நாங்கள் புங்குடுதீவில் மடத்துவெளி. மச்சம் மாமிசம் வாசல் தாண்டாத வீடு. எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தபோது அம்மா ஊரெல்லாம் "மகளுக்கு மாடு பாக்கிற வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். மாட்டில் ஒரு லட்சுமிகரம் உண்டு. ஆனால் என்னை அனுப்பிய பிரிவில் கரம்பொனும் இருந்தது. அங்கே சில வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். அந்தச் சொல்லே அம்மாவின் வாயில் வராது. "இண்டைக்கு அந்தச் சீவனிட்டப் போனனியோ?" என்று கேட்பார். ஓம் என்றால் நேரே கிணற்றடி. தலை முழுகாமல் குசினி அடுப்புப் பக்கம் திரும்பவும் ஏலாது.

மெற்றில்டா அக்கா எங்கள் கால்நடைக் கந்தோருக்கு வந்தது ஒரு தை மாதக் காலையில். ஐம்பது வயதிருக்கும். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மிருக வைத்தியரிடம் நின்றபடியே சொன்னார்.

"போனமுறை பதினொரு குட்டி, டொக்டர். எல்லாம் கொழுகொழு எண்டு நல்லா இருந்ததுகள். மூண்டாம் கிழமை வெளிறத் துவங்கினதுகள். காது, மூக்கு எல்லாம் கடதாசி மாதிரி. பிறகு வயிறு தூக்கித் தூக்கி மூச்சு விட்டதுகள். பாலுக்கு ஓடேக்க ஒண்டு விழுந்து அப்பிடியே போச்சுது. ஏழு செத்துப் போச்சு. இண்டைக்கு ராத்திரி ராசாத்தி திரும்பக் குட்டி போடுவாள் போல கிடக்கு. எனக்குப் பாக்க ஏலாது டொக்டர், இன்னொருக்கால்."

டொக்டர் சேர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "கூடு சீமெந்தோ?"

"ஓம். மகன் பிரான்ஸில இருந்து கட்டுவிச்சுத் தந்தவன். போன வருசம். முந்தி வளவுக்க சும்மா திரிஞ்சதுகள். அப்ப ஒண்டும் சாகேல்லை."

சேர் என்னைப் பார்த்தார். இது என் பாடம். நான் விளங்கப்படுத்தினேன். பன்றிக்குட்டி பிறக்கும்போது உடம்பில் கொஞ்ச இரும்புச்சத்துத்தான் கொண்டுவரும். அது சில நாளில் முடிந்துவிடும். தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, இரும்பு மட்டும் போதாது. வெளியில் திரிகிற குட்டி மண்ணைக் கிண்டித் தின்று தனக்கு வேண்டியதை எடுத்துவிடும். சீமெந்து நிலத்தில் நிற்கிற குட்டிக்கு அந்த வழி இல்லை. வளர வளர இரத்தம் காணாமல் வெளிறும்.

மெற்றில்டா அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்ர பிள்ளை ஆசையாக் கட்டித் தந்த கூடுதான் அதுகளைக் கொண்டதோ, மிஸ்?"

"கூடு நல்லதுதான் அக்கா. ஒரு ஊசியோட சரிவரும்" என்றேன்.

சேர் எனக்குச் சின்னப் போத்தல் ஒன்றைத் தந்தார். உள்ளே கடும் கபில நிறத்தில் இரும்பு மருந்து. "மூண்டாம் நாள் போய்ப் போடும். கழுத்துச் சதையில, ஒரு குட்டிக்கு ஒரு மில்லி. போட்ட குட்டிக்கு உடன ஊதா மருந்து பூசி அடையாளம் வையும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போகும். விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

விளங்கியது. ஆனால் அந்த ஊதா மருந்துப் போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை. என்னிடம் அப்போது வாங்கி இரண்டு நாளான வெள்ளைத் தோள்பை ஒன்று இருந்தது. ஒன்பது குட்டி என்று செய்தி வந்தபோது நான் எனக்குள் சொன்னேன்: ஒன்பதுதானே, ஞாபகம் இருக்கும். ஊதா மருந்தை வீட்டு யன்னலில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். (பை இன்றைக்கும் வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கும்.)

மூன்றாம் நாள் காலை கடற்பாலத்தில் என் ஸ்கூட்டி போனதா, மிதந்ததா என்று சத்தியமாகத் தெரியாது. இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. வானமும் அதே நிறம். எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. தூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வானத்திலேயே நிற்கிறார் போலிருந்தது. வேலணைச் சந்தி எப்போது வந்தது, எப்போது திரும்பினேன் என்றெல்லாம் இப்போதும் நினைவில்லை. கரம்பொனில் மெற்றில்டா அக்காவின் வாசல் படலையடியில்தான் முழித்தேன்.

வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. முற்றத்தில் அவருடைய கணவர் அந்தோனி அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார். வளவின் பின்பக்கம் கூடு. இடுப்பளவு சுவர், மரக்கதவு, வைக்கோல் போட்ட சுத்தமான சீமெந்து நிலம். ராசாத்தி பக்கவாட்டில் சரிந்து படுத்திருந்தாள். பெரிய வள்ளமொன்றைக் கரையில் சரித்து விட்டதுபோல. வயிற்றோடு ஒன்பது குட்டிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு பால் குடித்தன. அவள் "ம்... ம்... ம்..." என்று தாளம் பிசகாமல் உறுமிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே நித்திரை வருகிற மாதிரி இருந்தது.

"நான் உள்ள நிக்கிறன், மிஸ். என்னை ஒண்டும் செய்யமாட்டாள்" என்றார் அக்கா. "ஒவ்வொண்டாத் தூக்கிச் சுவருக்கு மேலால தாறன். நீங்கள் போட்டுப் போட்டு அந்தப் பனையோலைக் கடகத்துக்க விடுங்கோ. சத்தம் போட மட்டும் விட்டிடாதேங்கோ. குட்டி கத்தினா இவள் வேற ஆள்."

முதல் குட்டி என் கைக்கு வந்தது. இவ்வளவு சூடாக ஒரு சின்ன உடம்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பால் வாசம். கண்ணிமையில் வெள்ளை முடிகள். உள்ளங்கைக்குள் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் கழுத்தைத் துடைத்து, தோலைச் சற்று இழுத்து, ஊசியை ஏற்றினேன். "ஙீ" என்று ஒரு சிணுக்கம். அவ்வளவுதான். கடகத்துக்குள் விட்டேன். ஒன்று. பிறகு இரண்டு, மூன்று, நாலு. டிப்ளோமாப் படிப்பு வீண்போகவில்லை என்று பெருமையாக இருந்தது. ஐந்து.

அடுத்ததைக் கையில் வாங்கினேன். அதுவும் மெலிந்த குட்டிதான். வெளிறியிருக்கிறதோ என்று பார்க்க அதன் காதை வெயிலுக்குப் பிடித்தேன். (இது சரியான முறைதான். இதுவரைக்கும் என்னில் பிழை இல்லை.)

காது மெல்லிய பூவிதழ்போல ஒளிர்ந்தது. உள்ளே இளஞ்சிவப்பு நரம்புகள் பிரிந்து பிரிந்து ஓடின. பெரிய ஆறொன்றும் அதில் சேருகிற சின்ன ஆறுகளும்போல. எங்கள் தீவுகளில் ஆறே இல்லை. ஆறு என்றால் படத்தில் பார்த்ததுதான். இங்கே ஒரு முழு ஆறு, கரைகளோடு, ஒரு பன்றிக்குட்டியின் காதுக்குள் ஓடுகிறது என்று நினைத்தேன். அதன் கரையில் நடந்துபோனால் எங்கே போய்ச் சேரலாம் என்று யோசித்தேன். அந்தக் கரையில் நான் எவ்வளவு தூரம் நடந்தேனோ, எனக்குத் தெரியாது. கையில் இருந்த குட்டி ஒரு பின்னங்காலில் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

அது கத்தியது. ஒரு கைப்பிடி உயிருக்குள் இருந்து கோயில் சங்கைவிடப் பெரிய சத்தம் வந்தது.

உள்ளே உறுமல் நின்றது. "மிஸ், ஓடுங்கோ!" என்று அக்கா கத்தியதும், கதவு மரம் பிளந்ததும், என் கால்கள் கிளம்பியதும் ஒரே நேரத்தில். கடகத்தைத் தட்டிவிட்டேன். அதிலிருந்த குட்டிகள் முற்றத்தில் சிதறின. உள்ளே இருந்தவையும் தாய்க்குப் பின்னால் ஓடிவந்தன. நான் அந்தோனி அண்ணையின் வலைக்கு மேலால் பாய்ந்தேன். போகிற போக்கில் ஊசியில் மிச்சமிருந்த மருந்தையெல்லாம் அவருடைய வெள்ளைச் சேட்டில் பீச்சிவிட்டேன். குட்டியைக் கீழே விட்டால் போதும், ராசாத்தி நின்றுவிடுவாள். அது இப்போது தெரிகிறது. அப்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ஓட ஓட முன்னுக்கு நிலம் முடிந்து கடல் வந்தது. கடலுக்குள்ளும் ஓடினேன்.

அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. இருபது முப்பது அடி போயும் முழங்கால் மட்டும்தான் தண்ணீர். கந்தோரில் தந்த றபர் சப்பாத்து இரண்டு அளவு பெரிது. ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ராசாத்தி கரையில், அலை தொடுகிற இடத்தில், என்னைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் போக நாய்போலக் குந்திவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விநோதம். ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. சின்ன மீன்கள் வந்து என் கணுக்காலை முகர்ந்துவிட்டுப் போயின. எதிரே காரைநகர்க் கரை புகைபோலத் தெரிந்தது. எங்கேயோ ஒரு வள்ளம் எஞ்சின் சத்தமில்லாமல் போனது. குட்டி என் கழுத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டது. அதன் மூச்சும் என் மூச்சும் ஒன்றாகவே போய்வந்தன. இப்படியே காலம் முழுக்க நிற்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணமும் வந்தது: இதற்கு ஊசி போட்டேனா, இல்லையா?

ஊசி போட்டுவிட்டுக் காதைப் பார்த்தேனா? காதைப் பார்த்துவிட்டு ஊசி போட இருந்தேனா? யோசிக்க யோசிக்க ஆறு மட்டும்தான் ஞாபகம் வந்தது. சேட்டுப் பையிலிருந்த போனை எடுத்தேன்.

"சேர், நான் தர்சினி."

"சொல்லும். என்ன காத்துச் சத்தமாக் கிடக்கு? எங்க நிக்கிறீர்?"

"கடலுக்குள்ள, சேர்."

"ஏன்?"

"பண்டி கரையில நிக்குது, சேர்."

"எத்தினை குட்டிக்குப் போட்டீர்?"

"அஞ்சு, சேர். இல்லாட்டி ஆறு. எல்லாம் கலந்து போச்சு."

"ஊதா அடையாளத்தைப் பாத்து எண்ணும்."

மீன்கள் திரும்ப வந்தன.

"நீர் அடையாளம் வைக்கேல்லை" என்றார் சேர். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்த குரலில்தான் சொன்னார். "வடிவாக் கேளும். சந்தேகத்தில ஒரு குட்டிக்கும் ரெண்டாம் தரம் போட்டிடாதையும். இரும்பு கூடினாலும் செத்துப் போகும். எதுக்குப் போடேல்லை எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் போடும். தெரியாததை விட்டிட்டு, காதைப் பாத்துக்கொண்டு இரும்."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நடந்து வந்தார். குட்டியை வாங்கினார். அது முனகியது. ராசாத்தி எழுந்து, அக்காவின் பின்னால் சாதுவாக நடந்து போனாள். நான் ஒற்றைச் சப்பாத்தோடு மூன்றாவது ஆளாகப் போனேன்.

அந்தோனி அண்ணை மற்றக் குட்டிகளைப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டிருந்தார். ஒன்பதும் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒன்பதும் ஒரே முகம். கதவு இருந்த இடத்தில் ஒரு பலகையை வைத்துக் கட்டிவிட்டு மூவரும் நிலத்தில் குந்தினோம். அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, எதுக்குப் போட்டனான், எதுக்குப் போடேல்லை எண்டு எனக்குத் தெரியாது."

அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. ஏசவில்லை. "போனமுறை ஏழையும் நான்தான் குழி வெட்டித் தாட்டனான், பிள்ளை" என்றார். மிஸ் என்பது கடலோடு போய்விட்டது. நான் அழத் தொடங்கினேன். உத்தியோகத்தர் அழக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தால் அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நிற்பாட்டியிருக்கலாம்.

அக்கா கூட்டுக்குள் பார்த்தபடி இருந்தார். திடீரென்று, "பொறும், பொறும்" என்றார். "நான் உமக்குப் பின்னுக்கு இருந்தெல்லோ தந்தனான்?"

"விளங்கேல்லை, அக்கா."

"முகம் எல்லாத்துக்கும் ஒண்டுதான். இடம்தான் வேற. பிறந்து ரெண்டு மூண்டு நாளில ஒவ்வொண்டும் தனக்கெண்டு ஒரு முலையைப் பிடிச்சிடும். பிறகு மாறாது. மூண்டு நாளா நித்திரை கொள்ளாமப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன். பின்னங்கால் பக்கம் குடிக்கிறதுதான் நோஞ்சானுகள். அதுகளைத்தான் முதல் தூக்கித் தந்தனான். முன்னுக்கு நிக்கிற மூண்டு தடியனையும் நான் தொடவே இல்லை. அதுக்குள்ளதான் நீர் கடலுக்குப் போயிட்டீர்."

இனி ராசாத்தி படுக்க வேண்டும். படுத்துப் பால் கொடுக்க வேண்டும். அவளோ சுவரைப் பார்த்தபடி நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். காற்று பனைகளில் உரசுகிற சத்தம் மட்டும். வெயில் கூட்டின் தரையில் மெல்ல நகர்ந்து போனது. அக்கா தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தார். அந்தோனி அண்ணை தன் சேட்டில் இருந்த கபிலக் கறையைப் பார்த்து, "இரும்பெண்டால் எனக்கும் நல்லதுதானே" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம் அதுதான்.

கடைசியில் முன்னங்காலை மடித்து, ஒரு பெருமூச்சோடு சரிந்தாள் ராசாத்தி. "ம்... ம்... ம்..." குவியல் கலைந்தது. ஒன்றையொன்று தள்ளி, ஏறி, விழுந்து, பாடசாலை மணி அடித்ததும் வகுப்பு வாங்குகளுக்கு ஓடுகிற பிள்ளைகள்போல ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. என் கண்முன்னே ஒரு குழப்பம் வரிசையானது. அக்கா விரலால் காட்டினார்: "இந்த அஞ்சுக்கும் போட்டாச்சு. இது உம்மோட கடலுக்குப் போனது. இது மூண்டும் மிச்சம்."

மூன்றுக்கும் போட்டேன். இந்த முறை கத்த விடாமல், காதைப் பாராமல், அக்காவின் நெற்றிப்பொட்டுப் பென்சிலால் அடையாளம் வைத்து. (வேதக்கார வீட்டில் பொட்டுப் பென்சில் ஏது என்று கேட்கவேண்டாம். மருமகளுடையதாம்.)

மிச்சம் அந்த ஒன்று. "நான் அதுக்குப் போட்டனானோ, அக்கா?"

"நான் ராசாத்தியைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அந்தோனி அண்ணை இரண்டாவது வசனம் பேசினார். "பிள்ளை அதைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிண்டது. பாட்டும் படிச்சது."

நான் பாடினேனா? எனக்கு அது இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் கந்தோர் முடிந்து கரம்பொனுக்குப் போனேன். குட்டியை இரண்டு கையாலும் தாங்கி, காதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். அம்மா கேட்பார், "இண்டைக்கும் அந்தச் சீவனோ?" தினமும் முழுகி எனக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது. பத்தாம் நாள் மற்ற எட்டின் காதுகளும் செம்பரத்தம்பூவாக இருந்தன. இதன் காது மெழுகு. ஆற்றைக் காணவில்லை. ஓடினால் இரண்டு அடியில் நின்று மூச்சு வாங்கியது. போடவில்லை என்பது அப்போதுதான் நிச்சயமானது. சேர் தானே கூட வந்தார். என் கையாலேயே போடச் சொன்னார். அன்றைக்கு நான் எந்தக் கனவும் காணவில்லை.

ஒரு கிழமை போக ஒரு பின்னேரம் அதன் காதைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் குனிந்து பார்த்தார்.

ஒன்பதும் பால் மறந்து வளர்ந்தன. எட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போயின. (அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.) ஒன்பதாவது பெட்டைக்குட்டி. அதை மட்டும் விற்கமாட்டேன் என்று அக்கா வைத்துக்கொண்டார். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். மரியாதைக்காகத்தான் வைத்தார். தர்சினி.

அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளையும் கனடாவில் இருந்து வந்த அவர் தாயாரும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், என் போன் அடித்தது. நான் குசினிக்குள் நின்றேன். அம்மா எடுத்து, கை ஈரமென்று ஸ்பீக்கரில் விட்டார். மெற்றில்டா அக்காவின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது: "சந்தோசமான செய்தி! தர்சினி காலமை பிள்ளை பெத்திட்டாள். பத்து! தாயும் பிள்ளையளும் சுகம்!"

விளக்கம் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில்தான் கலியாணம் நிச்சயமானது.

போன வருசம் யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். என் கணவர் வாசலில் நின்று கனடாவுக்கு அழைத்தார். கட்டிலில் கிடந்தபடி எனக்கும் கேட்டது. "அம்மா, தர்சினிக்குப் பிள்ளை பிறந்திட்டுது!"

ஸ்பீக்கரில் மாமி மிகக் கவனமாகக் கேட்டார்: "எந்தத் தர்சினிக்கு, மோனை?"

"என்ர தர்சினிக்கு, அம்மா" என்றார் அவர்.